கம்பெனி கைகாட்டியது ஒரு பாட்டு, இவர் கொடுத்தது வேறு பாட்டு: கேட் புஷ் எடுத்த 'சிங்கிள்' ரிஸ்க்குகள்!

2022 மே 27. நெட்ஃபிளிக்ஸில் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' நான்காவது சீசன் வெளியானது. அதில் மேக்ஸ் என்ற பெண்ணை வில்லன் வெக்னாவின் பிடியிலிருந்து மீட்பது துப்பாக்கியோ மந்திரமோ அல்ல. கேசட்டில் ஓடும் ஒரு பாட்டு. நண்பர்கள் பதறியடித்து வாக்மேன் ஹெட்போனை அவள் காதில் மாட்டிவிடுவார்கள். பாட்டு ஒலிக்கும். அவள் ஓடத் தொடங்குவாள். அந்தக் காட்சியைப் பார்த்து முடித்த கையோடு உலகம் முழுக்க ரசிகர்கள் போனை எடுத்தார்கள். "யாரு பாடினது இது?"

பாட்டின் பெயர் 'ரன்னிங் அப் தட் ஹில்'. பாடியவர் இங்கிலாந்தின் கேட் புஷ். வெளியான ஆண்டு 1985. தேடியவர்களில் பலருடைய அப்பா, அம்மாவே அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பார்கள்.

மூன்றே வாரத்தில், ஜூன் 17 அன்று, அந்தப் பாட்டு பிரிட்டனின் சிங்கிள்ஸ் சார்ட்டில் முதலிடத்துக்கு வந்தது. 1985-ல் அது தொட்ட உச்சம் மூன்றாவது இடம்தான். மிச்சமிருந்த இரண்டு படியை ஏற 37 வருஷம் ஆகியிருக்கிறது. கேட் புஷ்ஷுக்கு அப்போது வயது 63.

'எல்லாம் நெட்ஃபிளிக்ஸ் புண்ணியம்' என்று இதைக் கடந்துபோய்விடலாம். பலர் அப்படித்தான் போனார்கள். ஆனால், கம்பெனி சொன்னபடி கேட்டிருந்தால் அந்த ஆல்பத்திலிருந்து முதல் சிங்கிளாக இந்தப் பாட்டு வந்தே இருக்காது. இந்தப் பெயரும் அவர் வைத்த முழுப் பெயர் அல்ல. அதற்கும் ஏழு வருஷம் முன்பு, அவருடைய முதல் பாட்டுக்கும் இதே கதைதான். எந்தப் பாட்டை முதலில் வெளியே விடுவது என்ற ஒற்றைக் கேள்விக்காக ஒருவர் திரும்பத் திரும்ப மல்லுக்கட்டியிருக்கிறார். அதில் ஜெயித்தும் இருக்கிறார், நன்றாக அடி வாங்கியும் இருக்கிறார்.

சிங்கிளில் அப்படி என்ன ரிஸ்க்?

நம்ம ஊரில் 'ஃபர்ஸ்ட் சிங்கிள்' என்றால் படத்துக்கான விளம்பரம். பாட்டு சுமாராக இருந்தாலும் படம் காப்பாற்றிவிடும். பாப் இசையில் அந்த வசதி கிடையாது. ஆல்பத்துக்கும் பாடகருக்கும் அந்த ஒரு பாட்டுதான் முகம்.

எழுபதுகளின் பிரிட்டனில் நிலைமை இன்னும் கடுமை. ஏழு அங்குல இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டு. அதை ரேடியோ எடுத்து ஒலிபரப்ப வேண்டும், கேட்டவர் கடைக்குப் போய்க் காசு கொடுத்து வாங்க வேண்டும், வாரா வாரம் விற்பனைக் கணக்கு பார்த்து சார்ட் போடுவார்கள். சில வாரங்களுக்குள் ஏறவில்லை என்றால் ரேடியோ அடுத்த தட்டுக்குப் போய்விடும். இன்று போல 'மூணு மாசம் கழிச்சு ரீல்ஸ்ல வைரல் ஆகும்' என்று காத்திருக்க முடியாது. புது ஆளாக இருந்தால், முதல் சிங்கிள் படுத்தால் இரண்டாவது சிங்கிள் வருமா என்பதே சந்தேகம்.

அதனால் கம்பெனிகள் எப்போதும் பத்திரமான பாட்டைத்தான் முன்னே தள்ளும். ஏற்கெனவே ஓடிய பாட்டுகள் மாதிரி இருக்கும் பாட்டு. அவர்கள் முட்டாள்கள் இல்லை. போட்ட பணம் திரும்ப வர வேண்டுமே!

19 வயதில் ஒரு பிடிவாதம்

கேட் புஷ் 1958 ஜூலை 30 அன்று பிறந்தவர். அப்பா டாக்டர். அம்மா அயர்லாந்திலிருந்து வந்த நர்ஸ். லண்டனை ஒட்டிய வெல்லிங் பகுதியில் பழைய பண்ணை வீடு. அண்ணன்கள் இருவரும் இசை, கவிதை, புகைப்படம் என்று திரிந்தவர்கள். சின்ன வயதிலேயே பியானோவில் உட்கார்ந்து சொந்தமாகப் பாட்டு கட்டத் தொடங்கிவிட்டார்.

குடும்ப நண்பர் ஒருவர் மூலம் அந்தப் பாட்டுகள் பிங்க் ஃப்ளாய்ட் கிதார் கலைஞர் டேவிட் கில்மோர் காதுக்குப் போயின. அவர் தன் சொந்தக் காசைப் போட்டு 1975-ல் ஸ்டூடியோவில் முறையான பதிவு செய்ய வைத்தார். கேட்டுக்கு அப்போது 16 வயது. அந்தப் பதிவைக் கேட்ட இஎம்ஐ நிறுவனம் 1976-ல் ஒப்பந்தம் போட்டது. 'இன்னும் சின்னப் பொண்ணு, கொஞ்சம் வளரட்டும்' என்று உடனே ஆல்பம் கேட்காமல் விட்டுவைத்ததும் அதே இஎம்ஐதான். இதற்காக அந்தக் கம்பெனிக்கு ஒரு பாராட்டு சொல்லியே ஆக வேண்டும். கிடைத்த முன்பணத்தில் அவர் நடனம் கற்றார். டேவிட் போவிக்குப் பயிற்சி கொடுத்த மைம் கலைஞர் லிண்ட்சே கெம்ப்பின் வகுப்புக்குப் போனார். மதுக்கூடங்களில் சின்னக் குழுவோடு பாடினார்.

1977 மார்ச்சில் ஒரு ராத்திரி, பியானோவில் ஒரு பாட்டு எழுதினார். எமிலி பிராண்டே 1847-ல் எழுதிய 'வதரிங் ஹைட்ஸ்' நாவல்தான் கரு. அதில் கேத்தி என்ற பெண் செத்துப்போய், ஆவியாக வந்து, காதலன் வீட்டு ஜன்னலைத் தட்டி உள்ளே விடச் சொல்வாள். பாட்டு மொத்தமும் அந்த ஆவியின் குரலில். நாவலைப் படிப்பதற்கு முன்பே, டிவி தொடரின் கடைசிக் காட்சியைப் பார்த்த பாதிப்பில் கிளம்பிய பாட்டு இது. எமிலி பிராண்டேயின் பிறந்தநாளும் ஜூலை 30 என்பது தற்செயல்தான் என்றாலும், சொல்லாமல் விட மனசு வரவில்லை.

ஆல்பம் தயார். எதை முதல் சிங்கிளாக விடுவது? இஎம்ஐயின் பாப் மெர்சர் கைகாட்டிய பாட்டு 'ஜேம்ஸ் அண்ட் த கோல்ட் கன்'. கிதார் தூக்கலான ராக் பாட்டு. ரேடியோவுக்குப் பொருத்தம். கேட் முடியாது என்றார். 'வதரிங் ஹைட்ஸ்'தான் முதலில் வர வேண்டும் என்று நின்றார். அந்தச் சந்திப்பில் அவர் அழுதுவிட்டார் என்று ஒரு கதை உண்டு. அழுதாரோ இல்லையோ, விட்டுக்கொடுத்தது கம்பெனிதான்.

மெர்சர் இடத்தில் உங்களை வைத்து யோசித்துப் பாருங்கள். யாருக்கும் தெரியாத 19 வயதுப் பெண். காதைத் துளைக்கும் அளவுக்கு உச்ச ஸ்தாயியில் குரல். செத்த பெண்ணின் ஆவி பாடும் பாட்டு. சரணத்திலிருந்து பல்லவிக்குப் போகும்போது சுருதியே எகிறி வேறு இடத்துக்குப் போகிறது. வெளியே பங்க் ராக்கும் டிஸ்கோவும் ஓடிக்கொண்டிருக்கும் காலம். இதையா முதல் தட்டாக விடுவீர்கள்?

அதோடு முடியவில்லை. கம்பெனி தேர்ந்தெடுத்த அட்டைப் படம் அவருக்குப் பிடிக்கவில்லை. மாற்றச் சொன்னார். 1977 நவம்பரில் வரவேண்டிய தட்டு தள்ளிப்போனது. அது நல்லதாகவே முடிந்தது. அந்த டிசம்பர் முழுக்க பால் மெக்கார்ட்னியின் விங்ஸ் குழு பாடிய 'மல் ஆஃப் கின்டைர்' சார்ட்டில் ஒன்பது வாரம் அசையாமல் உட்கார்ந்திருந்தது. இடையில் வந்திருந்தால் நசுங்கியிருக்கும். ஆனால் ரேடியோ நிலையங்களுக்கு முன்கூட்டியே அனுப்பிய தட்டுகள் போய்ச் சேர்ந்துவிட்டன. லண்டனின் கேபிடல் ரேடியோ, ரிலீஸ் தள்ளிப்போனதைப் பொருட்படுத்தாமல் அதைப் போட்டுக்கொண்டே இருந்தது. 1978 ஜனவரி 20 அன்று தட்டு கடைக்கு வந்தபோது, கேட்கக் காத்திருந்த கூட்டம் ஒன்று ஏற்கெனவே உருவாகியிருந்தது.

மார்ச்சில் நம்பர் ஒன். அபாவின் பாட்டைக் கீழே தள்ளிவிட்டு நான்கு வாரம் அங்கேயே இருந்தது. தானே எழுதிய பாட்டோடு பிரிட்டன் சார்ட்டில் முதலிடம் பிடித்த முதல் பெண் கலைஞர் அவர்தான். கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய தகவல் இது. அதற்கு முன்பு பல பெண்கள் முதலிடம் வந்திருக்கிறார்கள். பாடியது அவர்கள். எழுதியது வேறு யாரோ.

அந்தப் பாட்டுக்கு அவர் சிவப்பு கவுனில் புல்வெளியில் கையை விரித்து ஆடிய வீடியோவை நீங்கள் பார்த்திருக்கலாம். 2013-ல் பிரைட்டன் நகரத்தில் கூட்டமாகச் சிவப்பு உடையில் கூடி அந்த நடனத்தை அப்படியே ஆடினார்கள். பிறகு பல நாடுகளில் ஜூலை மாதம் அது ஒரு திருவிழாவாகவே ஆகிவிட்டது. தாடி வைத்த ஆண்களும் சிவப்பு கவுனில் ஆடுவார்கள். யூடியூபில் தேடிப் பாருங்கள், சிரிப்புக்கு உத்தரவாதம்.

வயிற்றுக்குள் இருந்து ஒரு குரல்

முதல் வெற்றி ஒருவரைப் பயமுறுத்தவும் செய்யலாம். 'இதே மாதிரி இன்னொண்ணு' என்று எல்லாரும் கேட்பார்கள். கேட் புஷ்ஷும் அந்த அழுத்தத்தில் சிக்கினார். அதே 1978 நவம்பரில் இரண்டாவது ஆல்பம் அவசரமாக வந்தது. முதல் சிங்கிள் 'ஹாமர் ஹாரர்'. பேய்ப்பட நடிகர் ஒருவரைப் பற்றிய பாட்டு. 44-வது இடத்தோடு நின்றுவிட்டது.

சுவாரசியமானது 1980. அந்த வருஷம் வந்த மூன்று சிங்கிள்களின் கருவை மட்டும் பாருங்கள். 'பிரீதிங்': அணுகுண்டு வெடித்த உலகில், அம்மாவின் வயிற்றுக்குள் இருக்கும் சிசு, தான் சுவாசிக்கும் காற்றிலேயே விஷம் கலந்திருப்பதை உணர்கிறது. 'பபூஷ்கா': கணவனைச் சோதிக்க மனைவியே வேறு பெயரில் அவனுக்குக் காதல் கடிதம் எழுதுகிறாள். 'ஆர்மி ட்ரீமர்ஸ்': ராணுவத்தில் மகனைப் பறிகொடுத்த தாய், தாலாட்டு மாதிரியான மெட்டில் புலம்புகிறாள்.

ஆல்பத்தின் முதல் சிங்கிளாக அவர் அனுப்பியது எதை? கேட்டவுடன் ஒட்டிக்கொள்ளும் 'பபூஷ்கா'வை அல்ல. சிசுவின் பாட்டை! நடுவே அணுகுண்டு வெடிப்பின் ஒளி எப்படி இருக்கும் என்று பாடப்புத்தகம் போல விவரிக்கும் பேச்சு வேறு. பனிப்போர் உச்சத்தில் இருந்த ஏப்ரல் மாதத்தில் அது 16-வது இடம் வரை போனது. அடுத்து வந்த 'பபூஷ்கா' ஐந்தாவது இடம். ஆல்பம் நேராக முதலிடம். பிரிட்டிஷ் பெண் தனிப் பாடகர் ஒருவரின் ஸ்டூடியோ ஆல்பம் அந்த நாட்டு சார்ட்டில் முதலிடம் பிடித்தது அதுதான் முதல் தடவை.

'ஆர்மி ட்ரீமர்ஸ்' பற்றி ஒரு துணுக்கு. 1991 வளைகுடாப் போரின்போது, ஒலிபரப்பாமல் தவிர்க்க வேண்டிய பாடல்கள் என்று பிபிசி ஒரு பட்டியல் வைத்திருந்தது. இந்தப் பாட்டும் அதில் இருந்தது. அண்மைக் காலத்தில் டிக்டாக்கில் அது மறுபடி சுற்றியதற்கும் காரணம் அதே சோகம்தான்.

இந்தக் காலகட்டத்தில்தான் ஃபேர்லைட் என்ற ஆஸ்திரேலியக் கருவி அவர் கைக்கு வந்தது. அறிமுகப்படுத்தியவர் பீட்டர் கேப்ரியல். எந்தச் சத்தத்தையும் பதிந்து கீபோர்டில் வாசிக்க வைக்கும் டிஜிட்டல் சாம்ப்ளர். இன்று உங்கள் போனில் இலவச ஆப் செய்யும் வேலைதான். அன்று அதன் விலை பல ஆயிரம் பவுண்டு. 'பபூஷ்கா'வில் கேட்கும் கண்ணாடி நொறுங்கும் சத்தம் அதில் பதிந்ததுதான். அதற்காக அபே ரோடு ஸ்டூடியோவின் சமையலறைப் பாத்திரங்களை எடுத்து உடைத்தார்கள்.

விழுந்த அடி

இதுவரை கேட்டால், 'தைரியமாக எதைச் செய்தாலும் ஜெயிக்கும்' என்ற மோட்டிவேஷன் கதை போல இருக்கும். அப்படி இல்லை. 1982-க்கு வருவோம்.

'தி ட்ரீமிங்' அவர் முதன்முறையாகத் தனியாளாகத் தயாரித்த ஆல்பம். ஸ்டூடியோ மாற்றி ஸ்டூடியோ ஏறினார். அடுக்கடுக்காகக் குரல்கள், தாளங்கள், விலங்குச் சத்தங்கள். 1981-லேயே அதிலிருந்து வந்த 'சாட் இன் யுவர் லேப்' தடதடவென ஓடும் டிரம்ஸோடு 11-வது இடம் வரை போனதால் நம்பிக்கை இருந்தது. அடுத்த வருஷம் ஜூலையில் ஆல்பத்தின் பெயரையே தாங்கிய பாட்டை சிங்கிளாக விட்டார். யுரேனியம் சுரங்கத்துக்காக ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் நிலம் பறிபோவதைப் பற்றிய பாட்டு. டிட்ஜெரிடூ ஊதுகிறது. கேட் ஆஸ்திரேலிய உச்சரிப்பில் பாடுகிறார்.

48-வது இடம். அவ்வளவுதான்.

இன்று அந்தப் பாட்டைக் கேட்கும்போது இரண்டு எண்ணம் வருகிறது. 1982-ல் ஒரு பாப் நட்சத்திரம் பழங்குடி நில உரிமையை சிங்கிளாக வைப்பது பெரிய விஷயம். அதே சமயம், ஒரு ஆங்கிலேயப் பெண் அடுத்தவர் உச்சரிப்பைப் போட்டுக்கொண்டு அடுத்தவர் வலியைப் பாடுவது நெருடுகிறது. முதலில் ரேடியோக்களுக்கு அனுப்பிய பிரதிகளில் பழங்குடிகளை இழிவுபடுத்தும் ஒரு சொல்லே தலைப்பில் இருந்தது. பிறகு திரும்பப் பெற்றார்கள். எல்லா ரிஸ்க்கும் நல்ல ரிஸ்க் அல்ல.

நவம்பரில் வந்த அடுத்த சிங்கிள் 'தேர் கோஸ் எ டென்னர்'. வங்கிக் கொள்ளையில் சொதப்பும் கத்துக்குட்டித் திருடர்கள் பற்றிய பாட்டு. அது முதல் 75 இடங்களுக்குள்கூட வரவில்லை. நான்கு வருஷத்துக்கு முன்பு நம்பர் ஒன்னில் இருந்தவருக்கு இந்த நிலை. ஆல்பம் மூன்றாவது இடம் வரை போனது உண்மைதான். ஆனால் செலவழித்த காலத்தையும் பணத்தையும் வைத்துப் பார்த்தால் இஎம்ஐக்கு அது போதவில்லை. பின்னாளில் பல இசைக் கலைஞர்கள் தூக்கிவைத்துக் கொண்டாடிய ஆல்பம் அது. அன்றைக்கு அது அவருக்கு எந்த உதவியும் செய்யவில்லை.

இந்தத் தோல்விக்கு அவர் என்ன விலை கொடுத்தார் என்பது மூன்று வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

'கடவுள் பெயரை எடுத்துவிடுங்கள்'

தோல்விக்குப் பிறகு அவர் செய்த காரியம் புத்திசாலித்தனமானது. வாடகைக்கு ஸ்டூடியோ எடுப்பதை நிறுத்தினார். அப்பா அம்மாவின் பண்ணை வீட்டுக் களஞ்சியத்திலேயே சொந்த ஸ்டூடியோ கட்டிக்கொண்டார். மணிக்கணக்கு மீட்டர் ஓடாது. 'எப்ப முடியும்?' என்று யாரும் வந்து நிற்க மாட்டார்கள். ஃபேர்லைட் கருவி, காதலரும் பேஸ் கிதார் கலைஞருமான டெல் பாமர் டிரம் மெஷினில் அமைத்த தாளம் என்று 1983-ல் உருவான முதல் பாட்டுகளில் ஒன்றுதான் மேக்ஸைக் காப்பாற்றிய பாட்டு.

அதற்கு அவர் முதலில் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் 'கடவுளுடன் ஓர் ஒப்பந்தம்'. ஓர் ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் சரியாகப் புரிந்துகொள்ள முடியாமல் தவிக்கிறார்கள். கடவுளிடம் பேரம் பேசி, நான் நீயாகவும் நீ நானாகவும் கொஞ்ச நேரம் மாறிக்கொண்டால் எப்படி இருக்கும்? இதுதான் பாட்டு.

அந்த ஆல்பத்திலிருந்து முதல் சிங்கிளாக இஎம்ஐ கேட்டது 'கிளவுட்பஸ்டிங்'. கேட் மறுபடியும் முடியாது என்றார். 1978 ரிப்பீட்டு! ஆனால் இந்த முறை கம்பெனி ஒரு நிபந்தனை போட்டது. தலைப்பில் 'கடவுள்' இருந்தால் இத்தாலி, பிரான்ஸ், ஆஸ்திரேலியா, அயர்லாந்து போன்ற நாடுகளில் ரேடியோவில் போட மாட்டார்கள், பெயரை மாற்றுங்கள் என்றார்கள். 1978-ல் அட்டைப் படத்துக்காகவே ரிலீஸைத் தள்ளிப்போட வைத்த அதே கேட், இப்போது பெயர் மாற்றத்துக்கு ஒப்புக்கொண்டார்.

ஏன்? 'தி ட்ரீமிங்' அடி வாங்கியிருந்தது. இதுவும் ரேடியோவில் வராமல் போனால் அடுத்த ஆல்பமே ஆபத்து. அதைக் கணக்குப் போட்டுத்தான் இறங்கிவந்ததாக அவரே பின்னாளில் பேட்டியில் விளக்கியிருக்கிறார். எது முதல் பாட்டு என்பதில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. பெயரை விட்டுக்கொடுத்தார். ஆல்பத்தில் மட்டும் பழைய பெயர் புதுப் பெயரின் வாலாக ஒட்டிக்கொண்டது. என்னைக் கேட்டால், இந்த மொத்தக் கதையில் முக்கியமான இடம் இதுதான். முந்தைய சிங்கிள்கள் விட்டுவைத்த கடனை இந்த சிங்கிள் தன் பெயரைக் கொடுத்து அடைத்தது.

1985 ஆகஸ்ட் 5. டெரி வோகனின் பிபிசி நிகழ்ச்சியில் பாடினார். மூன்று வருஷமாகப் பெரிதாகக் கண்ணில் படாதவர் திரும்பி வந்தார். பாட்டு மூன்றாவது இடத்துக்கு ஏறியது. அமெரிக்காவில் 30-வது இடம். பாட்டுக்கு வாயசைக்காமல் வெறும் நடனமாகவே எடுத்த வீடியோவும் இன்னொரு ரிஸ்க். எம்டிவிக்கு அது சரிப்படவில்லை. பாடகர் பாடுவது போலத் தெரிய வேண்டும் என்று வோகன் நிகழ்ச்சிப் பதிவைத்தான் அங்கே போட்டார்கள்.

செப்டம்பரில் வந்த 'ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ்' ஆல்பம், மடோனாவின் 'லைக் எ வர்ஜின்' ஆல்பத்தை இறக்கிவிட்டு முதலிடம் பிடித்தது. கம்பெனி ஆசைப்பட்ட 'கிளவுட்பஸ்டிங்' இரண்டாவது சிங்கிளாக வந்து 20-வது இடம் போனது. டொனால்ட் சதர்லேண்ட் நடித்த வீடியோவோடு. அதை வைத்து 'கம்பெனி கணக்கு தப்பு' என்று அடித்துச் சொல்ல முடியாது. முதலில் வரும் பாட்டுக்கும் அடுத்து வரும் பாட்டுக்கும் கிடைக்கும் கவனம் ஒன்றல்ல. அதுவும் அருமையான பாட்டு. ஆனால் ஒரு டீன்ஏஜ் பெண்ணை மரணத்திலிருந்து இழுத்துவர அது சரிப்பட்டிருக்குமா என்பது வேறு கேள்வி.

விதியே தடுத்த முதலிடம்

மறுபடி 2022. சீரியல் வந்த இரண்டாவது வாரத்தில், ஜூன் 10 சார்ட்டில், பாட்டு இரண்டாவது இடத்தில் நின்றது. மேலே ஹாரி ஸ்டைல்ஸின் 'ஆஸ் இட் வாஸ்'. இத்தனைக்கும் அந்த வாரம் பிரிட்டனில் அதிகம் ஸ்ட்ரீம் ஆனது கேட் புஷ்ஷின் பாட்டு!

என்ன குழப்பம்? பிரிட்டனில் கட்டணம் செலுத்துபவர்கள் 100 முறை கேட்டால் ஒரு விற்பனை என்று சார்ட்டில் கணக்கு. ஆனால் மூன்று வருஷத்துக்கு மேல் பழைய பாட்டு என்றால் 200 முறை கேட்டால்தான் ஒன்று. கிளாசிக் பாட்டுகளே சார்ட்டை அடைத்துக்கொண்டு புதியவர்களுக்கு வழி இல்லாமல் போகக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. நியாயமான விதிதான். ஆனால் 1985 பாட்டு ஒன்று புதுப் பாட்டு போலவே ஓடினால் என்ன செய்வது?

அஃபிஷியல் சார்ட்ஸ் நிறுவனம் இந்தப் பாட்டுக்கு விலக்கு அளித்தது. அடுத்த வாரமே முதலிடம். மூன்று வாரம் அங்கேயே இருந்தது. வெளியாகி இவ்வளவு காலம் கழித்து உச்சிக்கு வந்த பாட்டு, இரண்டு நம்பர் ஒன்களுக்கு இடையில் 44 வருஷ இடைவெளி, முதலிடம் பிடித்த அதிக வயதுப் பெண் கலைஞர் என்று ஒரே நேரத்தில் மூன்று சாதனை. 1985-ல் 30-வது இடத்தோடு திருப்பி அனுப்பிய அமெரிக்காவில் இந்த முறை மூன்றாவது இடம்.

எல்லாராலும் முடியுமா?

முடியாது என்பதுதான் நேர்மையான பதில். டாக்டர் அப்பா, ஸ்டூடியோவாக மாற்ற ஒரு களஞ்சியம், சொந்தக் காசைப் போட ஒரு டேவிட் கில்மோர், காத்திருக்கத் தயாரான கம்பெனி. இந்த மெத்தை எல்லாருக்கும் கீழே விரித்திருக்காது. மாத வாடகைக்கு ஓடிக்கொண்டிருக்கும் ஒரு இண்டி பாடகரிடம் 'கேட் புஷ் மாதிரி பிடிவாதமா இரு' என்று அறிவுரை சொல்வது எளிது.

ஆனால் மெத்தை மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியவில்லை. முதல் வெற்றி கொடுத்த பலத்தை அவர் எதில் போட்டார் என்று பார்க்க வேண்டும். ஆரம்பத்திலேயே குடும்பத்தினரை நிர்வாகிகளாக வைத்துச் சொந்த நிறுவனம் தொடங்கினார். பாடல் உரிமையைத் தன் நிறுவனத்தில் வைத்தார். 2022-ல் அந்தப் பாட்டு ஓடியபோது ஒலிப்பதிவின் உரிமையும் அவருடைய நிறுவனத்திடம்தான் இருந்தது. அதனால் பணத்தில் பெரும் பங்கு அவருக்கு வந்தது. 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' குழுவும் சும்மா பாட்டை எடுத்துப் போட்டுவிட முடியவில்லை. தன் பாட்டைப் படங்களுக்குத் தருவதில் அவர் ரொம்பக் கறார். காட்சியின் ஸ்கிரிப்ட் பக்கங்களை அனுப்பினார்கள். ஏற்கெனவே அந்தத் தொடரைப் பார்த்துப் பிடித்துப்போயிருந்ததால் சம்மதித்தார்.

நெட்ஃபிளிக்ஸுக்கு முன்பும் அவர் இதே மனுஷிதான். 1993-க்குப் பிறகு 12 வருஷம் ஆல்பமே இல்லை. 2005-ல் திரும்பி வந்தபோது முதல் சிங்கிள் 'கிங் ஆஃப் த மவுன்டன்', எல்விஸ் இன்னும் எங்கோ உயிரோடு இருக்கிறாரோ என்று யோசிக்கும் பாட்டு. நான்காவது இடம். 2011-ல் தன் சொந்த லேபிளிலிருந்து விட்ட 'வைல்ட் மேன்', இமயமலையின் எட்டி பனிமனிதனைப் பற்றியது. ஏழு நிமிஷத்துக்கு மேல் ஓடும்! முதல் 30 விநாடி ஓடினால்தான் ஒரு ஸ்ட்ரீம் கணக்கு என்பதால் எடுத்த எடுப்பிலேயே கொக்கி போட்டு இழுக்கும் பாட்டுகள் பெருகிவிட்ட காலம் இது. இன்று அதை எந்த மார்க்கெட்டிங் டீமிடம் கொண்டுபோனாலும் என்ன பதில் வரும் என்று உங்களுக்கே தெரியும்.

2014-ல் அவர் மறுபடி மேடை ஏறினார். கடைசியாகச் சுற்றுப்பயணம் போனது 1979-ல், எனவே 35 வருஷ இடைவெளி. லண்டன் ஹேமர்ஸ்மித்தில் 22 நிகழ்ச்சிகள். டிக்கெட் எல்லாம் நிமிஷக் கணக்கில் காலி. உலகின் பல மூலையிலிருந்து விமானம் பிடித்து வந்தவர்கள் அரங்கில் உட்கார்ந்திருந்தார்கள். 'ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ்' வந்தது, 'ரன்னிங் அப் தட் ஹில்' வந்தது, எல்விஸ் பாட்டும் வந்தது. முதல் நான்கு ஆல்பங்களிலிருந்து ஒரு பாட்டுகூட இல்லை. அந்த 22 ராத்திரியில் ஒரு தடவைகூட அவர் 'வதரிங் ஹைட்ஸ்' பாடவில்லை.